ரேம் கூட்ட வேண்டும், எதை வாங்குவது? (ஐ3-8100, எச்310 போர்டு)

நூல்கண்டு | திருப்பூர் | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது 2018 கடைசியில் வாங்கிய கணினி. ஐ3-8100, எச்310 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று. பகலில் நான் ஜாப் ஒர்க் பில் போடுவேன், இரவில் பிளஸ் டூ படிக்கும் மகள் பாட வீடியோ பார்ப்பாள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததால் 11-க்கு மாறினேன். அன்றிலிருந்து எக்ஸெல்லைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாலும் அது இன்னும் திறந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்று கடையில் கேட்டேன். ஒருவர் 8 ஜிபி ஒன்று சேருங்கள் என்றார். அடுத்தவர் விளக்கு எரிகிற 3600 வேக ரேம் ஜோடியாக எடுத்தால்தான் வேகம் என்றார். மூன்றாமவர், "இதுல எதுக்குங்க காசு போடறீங்க, போர்டையே மாத்திருங்க" என்று முடித்துவிட்டார். யார் சொல்வது சரி? ரேம் விலை வேறு இப்போது தங்கம் மாதிரி ஏறிக் கிடக்கிறது.

எஃப்பிஎஸ்_பசி | சேலம் | சனி, இரவு 9.20

அண்ணா, 3600 சிஎல்18, 8+8. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஈயப்பற்று | கோவை | சனி, இரவு 10.05

கண்ணைத் திறந்துகொண்டே வாங்கலாம் தம்பி, அவசரமில்லை.

நூல்கண்டு, வாங்குவதற்கு முன்னால் எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். எத்தனை ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது, வேகம் எவ்வளவு, இரண்டு ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே இருக்கும். இரண்டு, விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியிலா, சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலா? மூன்று, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, ரேமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதை எழுத்து விடாமல் இங்கே போடுங்கள்.

இது தெரியாமல் ரேம் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

நூல்கண்டு | திருப்பூர் | ஞாயிறு, காலை 7.48

பார்த்துவிட்டேன் அண்ணா. பில் மென்பொருள், எக்ஸெல், குரோமில் பத்துப் பன்னிரண்டு டேப். 3.9-இல் 3.6 ஜிபி ஓடுகிறது, 93 சதவீதம். வேகம் 2400. ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி. எஸ்எஸ்டி கிடையாது, 1 டிபி ஹார்ட் டிஸ்க்தான். பக்கத்திலேயே டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது.

ஸ்டிக்கரில்: 4ஜிபி 1ஆர்எக்ஸ்16 பிசி4-2400டி-யுசி0-11. பச்சைப் பலகையில் கறுப்புச் சில்லு நாலுதான் இருக்கிறது. உள்ளே தூசி பஞ்சு மாதிரி. வீட்டில் திட்டு வாங்கியது தனிக் கதை.

ஈயப்பற்று | கோவை | ஞாயிறு, காலை 9.30

திருப்பூர் வீட்டில் பஞ்சு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்த ஸ்டிக்கர்தான் ஜாதகம், கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். பிசி4 என்றால் டிடிஆர்4 தலைமுறை. 2400 என்பது வேகம். அதை ஒட்டி வரும் டி, அந்த வேகத்தில் தாமதக் கணக்கு சிஎல்17 என்பதற்கான குறி. 1ஆர் என்றால் ஒரே ரேங்க், அதாவது சில்லுகள் ஒரே அணி. எக்ஸ்16 என்றால் ஒவ்வொரு சில்லும் ஒரே நேரத்தில் 16 பிட் தருகிறது. ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவில் உள்ள பாதை 64 பிட் அகலம், அதனால் நாலு சில்லு போதும். எக்ஸ்8 ஆக இருந்தால் எட்டுச் சில்லு எண்ணியிருப்பீர்கள். கடைசியில் வரும் யுசி0-வில் முதல் எழுத்து முக்கியம். யு என்றால் சாதாரண மேசைக் கணினி ரேம். அந்த இடத்தில் எஸ் இருந்தால் லேப்டாப், ஆர் இருந்தால் சர்வர். சர்வர் ரேம் மலிவாகக் கிடைக்கும், ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், ஆனால் உங்கள் போர்டு கிளம்பாது.

இப்போது வைத்தியம். உங்களுக்கு நோய் இரண்டு. 4 ஜிபி நிரம்பி வழிவதை விண்டோஸ் எடுத்துக்கொண்டு போய் ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறது, வேண்டும்போது திரும்பத் தேடி எடுக்கிறது. ரேம் விநாடிக்குப் பல ஜிபி தரும் என்றால் சுழலும் டிஸ்க் தருவது நூறு, நூற்றைம்பது எம்பி, அதுவும் வரிசையாகப் படித்தால்தான். சிதறிக் கிடப்பதைப் பொறுக்கச் சொன்னால் ஒன்றிரண்டு எம்பிக்கு இறங்கிவிடும். நீங்கள் டீ போட்ட நேரம் முழுக்க அது பொறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் 8 ஜிபி ஒன்று, கூடவே சின்னதாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி. கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், நான் முதலில் எஸ்எஸ்டி என்பேன்.

ஓய்வூதியர் | தஞ்சாவூர் | ஞாயிறு, காலை 10.11

இதில் எனக்கு மாறுபாடு உண்டு. 4 ஜிபியோடு எஸ்எஸ்டி போட்டால், வழிவதெல்லாம் எஸ்எஸ்டியில் போய் விழும். ஓட்டைக் குடத்துக்கு அடியில் வெள்ளிக் கிண்ணம் வைப்பது போல. முதலில் குடத்தை மாற்றுவதுதான் முறை.

ஈயப்பற்று | கோவை | ஞாயிறு, காலை 10.26

ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி. அதாவது வீட்டுக்குள் நுழைய மட்டும்தான் அனுமதி, உட்கார நாற்காலி கிடையாது. சரி, 93 சதவீதம் என்று கண்ணால் பார்த்த பிறகு நானும் ரேம் முதலில் என்றே மாற்றிக்கொள்கிறேன். எஸ்எஸ்டியை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

எஃப்பிஎஸ்_பசி | சேலம் | ஞாயிறு, மதியம் 12.40

சரி, ஆனால் 3600 ஏன் வேண்டாம்? வேகம் கூடினால் நல்லதுதானே? நாளைக்கு வேறு கணினிக்குப் போனாலும் உதவும்.

ஈயப்பற்று | கோவை | ஞாயிறு, மதியம் 1.15

உன் கணினியில் நல்லது. அவருடையதில் அந்தக் காசு வீண். ஐ3-8100-க்கு இன்டெல் சொல்லும் உச்சம் 2400. எச்310-இல் அதற்கு மேல் ஏற்றவும் வழியில்லை. 3600 போட்டாலும் 3200 போட்டாலும் 2400-க்கு இறங்கித்தான் ஓடும். கெட்டுப்போகாது, ஆனால் எண்பதில் போகிற பஸ்ஸுக்கு விமான டிக்கெட் விலை கொடுத்தாயிற்று.

இன்னொன்று, எண் பெரிதானாலே வேகம் என்று நினைக்கக் கூடாது. சிஎல் என்பது எத்தனை துடிப்புக்குப் பிறகு பதில் வரும் என்ற கணக்கு. அதை 2000-ஆல் பெருக்கி ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோ விநாடி கிடைக்கும். 3200 சிஎல்16 என்றால் 10 நானோ விநாடி. உன் 3600 சிஎல்18-ம் அதே 10. டிடிஆர்5 6000 சிஎல்30 எடுத்தாலும் அதே 10. கடையில் அதிகம் கிடைக்கும் 3200 சிஎல்22 என்றால் 13.75. நூல்கண்டுவிடம் இப்போது இருப்பது 14.17. பில் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் கனவில்கூடத் தெரியாது.

எஃப்பிஎஸ்_பசி | சேலம் | ஞாயிறு, மதியம் 1.31

கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை.

ஆனால் ரேம் இரண்டானால் பாதையும் இரண்டு என்ற டூயல் சேனல் விஷயத்தில் நான் விடமாட்டேன். என்னுடையது ரைசன் 5600ஜி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, படம் வரைவதும் இந்த ரேமை வைத்துத்தான். முதல் ஆறு மாதம் 16 ஜிபி ஒன்றே ஒன்று போட்டு வைத்திருந்தேன். விளையாட்டில் திரும்பினால் படம் விக்கும். அதை விற்றுவிட்டு 8+8 போட்டேன். அளவு அதே 16, விக்கல் நின்றுவிட்டது.

ஈயப்பற்று | கோவை | ஞாயிறு, மதியம் 2.02

இது நூற்றுக்கு நூறு. 3200 ரேம் ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2. கிராஃபிக்ஸும் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது குழாய் ஒன்றா இரண்டா என்பதுதான் எல்லாம். அது சரி, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் பயாஸில் ஆன் செய்திருக்கிறாயா? டாஸ்க் மேனேஜரைப் பார்த்துச் சொல்.

எஃப்பிஎஸ்_பசி | சேலம் | ஞாயிறு, மதியம் 2.09

2666 என்று காட்டுகிறது.

எஃப்பிஎஸ்_பசி | சேலம் | ஞாயிறு, மதியம் 2.10

ஒன்றரை வருடமாக.

ஓய்வூதியர் | தஞ்சாவூர் | ஞாயிறு, மதியம் 2.44

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் தம்பி, என் கதை இதைவிட மோசம். என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை ஐ5, டிடிஆர்3. இணையத்தில் 8 ஜிபி டிடிஆர்3 பாதி விலைக்கு வந்தது. வாங்கிப் போட்டால் திரை கறுப்பாகவே நின்றது. விற்பனைப் பக்கத்தின் கடைசியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். ஈயப்பற்று, ரேமுக்கு எங்கிருந்து வந்தது இந்தச் சாதி?

ஈயப்பற்று | கோவை | ஞாயிறு, மாலை 4.20

மேலே எக்ஸ்16, எக்ஸ்8 என்று சொன்னேன் அல்லவா, எக்ஸ்4 என்று ஒரு வகை உண்டு. சர்வர் ரேமில் வரும் சில்லு. அதைப் பிடுங்கிச் சாதாரணப் பலகையில் பற்றவைத்து விற்கிறார்கள். பழைய ஏஎம்டி பிராசசர்கள் அதைப் படித்துவிடும், இன்டெல் மேசைக் கணினிகள் படிக்காது. சில்லைப் பிய்த்து எடுத்த வேலை என்பதால் ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்லமாட்டேன். டிடிஆர்3 வேண்டும் என்றால், தெரிந்த கடையில் பழைய ஒரிஜினலைச் சோதித்து வாங்குங்கள்.

அம்மிக்கல் | நாகர்கோவில் | ஞாயிறு, இரவு 8.55

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சமையல் வீடியோ எடிட் செய்யப் புதிதாக ரைசன் 7600 கணினி கட்டப் போகிறேன், டிடிஆர்5. 32 ஜிபி வேண்டும். கடையில் 8 ஜிபி நாலு போட்டால் நாலு ஸ்லாட்டும் நிரம்பி அழகாக இருக்கும் என்கிறார்கள். டிடிஆர்4-க்கும் இதற்கும் ஒரே 288 பின்தானே, என் பழைய ரேமையே போட்டுக்கொள்ள முடியாதா?

ஈயப்பற்று | கோவை | ஞாயிறு, இரவு 9.18

முடியாது அக்கா. பின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கிறது. மின்சாரமும் வேறு. டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட், அதைச் சீராக்கும் சில்லு டிடிஆர்5-இல் ரேமின் மேலேயே வந்துவிட்டது. வெட்டு பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4-ஐக் கட்டைவிரல் வலிக்க அமுக்கி, ஸ்லாட்டே பிளந்த போர்டு ஒன்று என் மேசையில் இன்றும் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

நாலு வேண்டவே வேண்டாம், 16 ஜிபி இரண்டு எடுங்கள். 7600-க்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே அப்படித்தான்: இரண்டு ரேம் போட்டால் 5200 வரை, நாலு போட்டால் 3600. அழகுக்காக வேகத்தை விற்கக் கூடாது. எக்ஸ்போ (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) உள்ள 6000 சிஎல்30 ஜோடி கட்டுப்படியானால் நல்லது, இல்லையென்றால் 5600 போதும், சமையல் கெடாது. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது, பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

அம்மிக்கல் | நாகர்கோவில் | ஞாயிறு, இரவு 9.30

குக்கர் விசில் வரும் வரை திறக்கக் கூடாது, அதுதானே. புரிந்தது.

வன்னிமழை | வவுனியா | ஞாயிறு, இரவு 10.02

இந்த விலையேற்றம் எப்போது இறங்கும் அண்ணை? இங்கும் கடையில் கேட்கவே பயமாகக் கிடக்கிறது. என்னிடம் மடிக்கணினி, 4 ஜிபி போர்டிலேயே ஒட்டினது, ஒரு ஸ்லாட் வெறுமை.

ஈயப்பற்று | கோவை | ஞாயிறு, இரவு 10.25

இறங்கும் நாள் எனக்குத் தெரிந்திருந்தால் கடை வைத்திருக்க மாட்டேன். காரணம் மட்டும் தெரியும். பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று இடத்திலிருந்துதான் வருகிறது. ஏஐ சர்வர்களுக்கான ரேமில் லாபம் அதிகம், அதனால் தொழிற்சாலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. டிடிஆர்4 உற்பத்தியையும் குறைத்துக்கொண்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்று வந்ததையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சில கடைகளும் விலை ஏற்றுகின்றன, அதுவும் உண்மைதான்.

உங்கள் மடிக்கணினிக்கு எஸ்ஓ-டிம் என்ற சின்ன ரேம் வேண்டும். டிடிஆர்4 என்றால் 260 பின், டிடிஆர்5 என்றால் 262. ஒட்டினது 4, ஸ்லாட்டில் 4 போட்டால் ஜோடி சரியாக இருக்கும். ஆனால் நான் 8 போடுவேன். 4+8 போட்டால் இன்டெல்லில் முதல் 8 ஜிபி இரண்டு சேனலாகவும், மீதி 4 ஒரு சேனலாகவும் ஓடும். அளவு வேறானால் டூயல் சேனலே போய்விடும் என்று சொல்வது பாதிப் பொய். நூல்கண்டு, உங்களுக்கும் இதுதான் கணக்கு. 4-ஐத் தூக்கி எறியாதீர்கள்.

நூல்கண்டு | திருப்பூர் | திங்கள், காலை 8.15

அப்படியானால் 8 ஜிபி ஒன்று. புதிதா, பழையதா?

ஓய்வூதியர் | தஞ்சாவூர் | திங்கள், காலை 8.40

புதிது வாங்குங்கள். பட்டவன் சொல்கிறேன்.

ஈயப்பற்று | கோவை | திங்கள், காலை 9.05

நான் பழையது என்பேன். ரேமில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, ஹார்ட் டிஸ்க் மாதிரி தேயாது. அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிய 2400, 2666 ரேம் உங்கள் போர்டுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. ஆனால் மூன்று நிபந்தனை. ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும், எக்ஸ்8 என்று இருந்து எட்டுச் சில்லு எண்ண வேண்டும், ஒரு வாரமாவது மாற்றித் தரும் ஒப்புதல் வேண்டும். 8 ஜிபியிலும் நாலு சில்லு எக்ஸ்16 வரும். ஓடும்தான், ஆனால் உள்ளே தகவலை வைக்கும் பிரிவுகள் (பேங்க் குரூப்) பாதி என்பதால் கொஞ்சம் மந்தம். அதே விலைக்கு எட்டு கிடைக்கும்போது நாலு எதற்கு?

நூல்கண்டு | திருப்பூர் | புதன், இரவு 7.50

வாங்கிவிட்டேன். 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி-யுஏ2-11, எட்டுச் சில்லு, பத்து நாள் உத்தரவாதம் பில்லிலேயே எழுதி வாங்கினேன். போட்டேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. மகளுக்கு ஒன்பது மணிக்கு வகுப்பு. அண்ணா?

ஈயப்பற்று | கோவை | புதன், இரவு 7.56

பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டையும் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டுங்கள், ஊதினால் எச்சில் படும். பிறகு புதியதை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். இந்த வகைப் போர்டு பலவற்றில் கிளிப் ஒரு பக்கம்தான் திறக்கும். மறுபக்கம் உட்கார்ந்த மாதிரி தெரியும், உட்கார்ந்திருக்காது. இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள்.

நூல்கண்டு | திருப்பூர் | புதன், இரவு 8.31

டக் என்றது. முதலில் எனக்குக் கேட்டது அரை டக் போலிருக்கிறது. கிளிப் இல்லாத பக்கம் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. இப்போது இரண்டும் ஓடுகிறது. மகள் வகுப்புக்குத் தயாராகிறாள், அப்புறம் வருகிறேன்.

ஈயப்பற்று | கோவை | புதன், இரவு 8.40

இன்று ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் சிவப்பு வரி ஒன்று இருந்தாலும் ரேமை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், "ஒன்றுதானே" என்று விடாதீர்கள். ஒரு பிட் புரண்டால் உங்கள் பில்லில் 1 என்பது 5 ஆகலாம்.

நூல்கண்டு | திருப்பூர் | வியாழன், காலை 6.58

எட்டு மணி நேரம், பிழை பூஜ்யம். டாஸ்க் மேனேஜரில் 12 ஜிபி, 2400, ஸ்லாட் 2-இல் 2. அதே பில், அதே எக்ஸெல், அதே குரோம் டேப்கள் திறந்தால் இப்போது 6.1 ஜிபி எடுக்கிறது, பாதி காலி. எக்ஸெல் முதல் தடவை இன்னும் இழுக்கிறது, இரண்டாம் தடவை சட்டென்று வருகிறது. மகள் "அப்பா, வீடியோ நிக்கல" என்றாள். எஸ்எஸ்டிக்குச் சீட்டுப் பணம் வரட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். எல்லாம் மூடிய பிறகு மேசையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

எஃப்பிஎஸ்_பசி | சேலம் | வியாழன், காலை 7.20

எனக்கும் இருக்கிறது, இரண்டு.

ஈயப்பற்று | கோவை | வியாழன், காலை 9.00

பக்கத் தகட்டுக்குப் பின்னால் ஓட்டை ஒன்று காலியாக இருக்கும், பாருங்கள். இல்லையென்றால் ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள், எஸ்எஸ்டி மாட்டும்போது கேட்பேன்.